லேப்டாப் இல்லாத கம்ப்யூட்டர் புரொபசர்! - நம்ம மேப்புக்கு வழி சொன்ன டைக்ஸ்ட்ராவின் கதை

புது ஊருக்குப் போறோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலை, போனை எடுத்து மேப்பைத் திறப்பதுதான். போக வேண்டிய இடத்தை டைப் பண்ணினால் ஒரு நொடியில் நீலக் கோடு வந்து நிற்கிறது. இத்தனை ஆயிரம் தெருக்களில் எது குறைந்த தூரம் என்று அதுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கான அடிப்படை விடையை 1956-லேயே ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார். கையில் கம்ப்யூட்டர் இல்லை. பேப்பர் இல்லை. பென்சில்கூட இல்லை. காபி குடித்துக்கொண்டே, சுமார் 20 நிமிடத்தில் மனசுக்குள்ளேயே போட்ட கணக்கு அது. அவர் பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. நெதர்லாந்துக்காரர். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் செமஸ்டர் பரீட்சையின் பெரிய மார்க் கேள்வியாக ஞாபகம் இருக்கும். மற்றவர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். ஆனால், அவர் யோசித்த வழியைத்தான் தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சுற்றுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏறக்குறைய 40 வருடங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸில் ஆராய்ச்சி செய்து, பாடமும் நடத்திய இந்த மனிதர், அதில் பெரும்பகுதி காலம் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்கூட வைத்துக்கொள்ளவில்லை. அவருடைய ஆயுதங்கள் இங்க் பேனா, வெள்ளைத் தாள், சாக்பீஸ். அவ்ளோதான். ஏன் அப்படி இருந்தார்? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? பார்க்கலாம்.

அம்மா சொன்ன ஐந்து வரிக் கணக்கு

1930 மே 11 அன்று ராட்டர்டாமில் பிறந்தார் டைக்ஸ்ட்ரா. நான்கு பிள்ளைகளில் மூன்றாமவர். அப்பா வேதியியல் ஆசிரியர். நெதர்லாந்தின் வேதியியல் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தவர். அம்மா கணிதம் படித்தவர். ஆனால், எங்கேயும் வேலைக்குப் போனதில்லை. அந்தக் காலத்துப் பல பெண்களைப் போலவே அவருடைய கணிதத் திறமையும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

ஆனால், வீணாகவில்லை. பள்ளியில் திரிகோணமிதி தொடங்கும்போது, இது கஷ்டமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார் பையன். கஷ்டம் இல்லை, ஃபார்முலாக்களை மட்டும் நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள், ஒரு கணக்குக்கு ஐந்து வரிக்கு மேல் தேவைப்பட்டால் தப்பான வழியில் போகிறாய் என்று புரிந்துகொள் என்பதுதான் அம்மாவின் பதிலாக இருந்தது. விடை நீளமாகிக்கொண்டே போனால் எங்கேயோ யோசனை சரியில்லை என்று அர்த்தம். டைக்ஸ்ட்ராவின் மொத்த வாழ்க்கையையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் படித்த அவருக்கு ஆசை என்னவோ சட்டத்தின் மேல்தான். வக்கீலுக்குப் படித்து, ஐ.நா. சபையில் நெதர்லாந்தின் பிரதிநிதியாக உட்கார வேண்டும் என்று நினைத்திருந்தார். ஆனால், 1948 பள்ளி இறுதித் தேர்வில் கணிதத்திலும் அறிவியலிலும் மார்க் எகிறியது. வீட்டிலும் பள்ளியிலும் பேசிப் பேசி மனசை மாற்றிவிட்டார்கள். லைடன் பல்கலைக்கழகத்தில் தியரெட்டிக்கல் பிசிக்ஸ் படிக்கச் சேர்ந்தார். மார்க் அதிகம் வாங்கிய பிள்ளையின் படிப்பை ஊரே சேர்ந்து முடிவு பண்ணுவது நமக்கு மட்டும் நடக்கும் விஷயம் இல்லை போல!

மூன்று வாரக் கோர்ஸ் மாற்றிய வாழ்க்கை

1951-ல் அப்பா கண்ணில் ஒரு விளம்பரம் பட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமிங் பற்றி மூன்று வாரக் கோர்ஸ். எட்சாக் என்ற பிரமாண்டமான கம்ப்யூட்டரைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸின் குழு நடத்தியது. பிசிக்ஸ் கணக்குகளைப் போட உதவுமே என்ற நினைப்பில் மகனை அனுப்பிவைத்தார் அப்பா.

இந்தச் செய்தி ஆம்ஸ்டர்டாமில் இருந்த மேத்தமேட்டிக்கல் சென்டரின் கணினிப் பிரிவுத் தலைவர் வான் வெய்ங்கார்டனுக்குப் போனது. வேலை தருகிறேன் வா என்றார். 1952 மார்ச்சில் பகுதி நேரமாகச் சேர்ந்தார் டைக்ஸ்ட்ரா. நெதர்லாந்தின் முதல் புரோகிராமர் என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள்.

முதல் ஆள் என்பது கேட்கக் கெத்தாக இருக்கும். வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். பிசிக்ஸ்காரர் என்றால் பல்கலைக்கழகத்தில் மரியாதை உண்டு, துறை உண்டு, பாடப்புத்தகம் உண்டு. புரோகிராமருக்கு என்ன இருக்கிறது? யாராவது உன் துறையின் அடிப்படை அறிவு என்ன என்று கேட்டால் சொல்லப் பதிலே இல்லையே என்ற பயம் அவரை மூன்று வருடங்கள் குடைந்தது. ஒருநாள் வான் வெய்ங்கார்டனிடமே மனம்விட்டுப் பேசினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீ சொல்வது உண்மைதான், இன்னும் இது ஒரு துறையாக உருவாகவில்லை, ஆனால் கம்ப்யூட்டர்கள் இனி போகப்போவதில்லை, இதை மரியாதைக்குரிய துறையாக மாற்றப்போகிறவர்களில் நீயும் ஒருவனாக ஏன் இருக்கக் கூடாது என்ற அர்த்தத்தில் பேசினார்.

அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. பிசிக்ஸ் படிப்பை வேகமாக முடித்துவிட்டு முழுநேரமாகப் புரோகிராமிங்குக்கு வந்துவிட்டார்.

ஆனால், ஊர் ஒத்துக்கொள்ள வேண்டுமே! 1957-ல் அதே சென்டரில் கணக்குப் போடும் வேலையில் இருந்த ரியா டெபெட்ஸைத் திருமணம் செய்துகொண்டார். திருமணப் பதிவில் தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று எழுதிக் கொடுத்தார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சி ஏற்க மறுத்துவிட்டது. கடைசியில் தியரெட்டிக்கல் பிசிசிஸ்ட் என்று பதிவானது. இன்னிக்கு மேட்ரிமோனியல் விளம்பரத்தில் சாஃப்ட்வேர் மாப்பிள்ளைக்கு இருக்கும் மவுசை அந்த நகராட்சி அதிகாரி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

காபிக்கடையில் பிறந்த அல்காரிதம்

இப்போது அந்த 20 நிமிடத்துக்கு வருவோம். 1956-ல் மேத்தமேட்டிக்கல் சென்டர் ‘ஆர்மாக்’ என்ற புதிய கம்ப்யூட்டரைத் திறக்கவிருந்தது. வருகிறவர்கள் பொதுமக்கள். அவர்களிடம் சிக்கலான சமன்பாட்டைக் காட்டினால் கொட்டாவிதான் வரும். எல்லோருக்கும் புரியும் ஒரு கேள்வி வேண்டும். டைக்ஸ்ட்ரா தேர்ந்தெடுத்த கேள்வி, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறைந்த தூரம் எது என்பது.

அந்த நாள்களில் ஒருநாள் ரியாவுடன் ஷாப்பிங் போய்விட்டுக் களைத்துப்போய், ஆம்ஸ்டர்டாமில் ஒரு கஃபேயின் வெளித்திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தார். அங்கேதான் விடை வந்தது.

அந்த விடை ரொம்ப எளிமையானது. கிளம்பும் ஊரில் நில்லுங்கள். பக்கத்து ஊர்களுக்கான தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘அ’ ஊருக்கு 4 கிலோமீட்டர், ‘ஆ’ ஊருக்கு 9 என்று வைத்துக்கொள்வோம். இருப்பதிலேயே குறைவானது 4. அதைவிடக் குறைவாக ‘அ’வுக்குப் போக வேறு வழியே இருக்க முடியாது. ஏனென்றால், வேறு எந்த ஊர் வழியாகச் சுற்றினாலும் அந்த முதல் அடியே 4-க்கு மேல் போய்விடும். எனவே ‘அ’ முடிந்தது, டிக் அடித்துவிடலாம். இப்போது ‘அ’விலிருந்து பாருங்கள். அங்கிருந்து ‘ஆ’வுக்கு 3 கிலோமீட்டர்தான் என்றால் மொத்தம் 7. பழைய 9-ஐ அடித்துவிட்டு 7 என்று எழுதுங்கள். மீதி ஊர்களில் எது குறைவோ, அதற்கு அடுத்த டிக். இப்படியே போக வேண்டிய ஊருக்கு டிக் விழும்வரை செய்தால், விடை கையில்.

ஒரு தடவை டிக் அடித்ததைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் இதன் அழகு. எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தால் ஆயுசுக்கும் முடியாத வேலை, இப்படிச் செய்தால் சட்டென்று முடிகிறது. கையில் பேப்பர் இல்லாததே நல்லதாகப் போயிற்று, தேவையில்லாத சிக்கல் எதையும் மனசில் வைத்துக்கொள்ள முடியாதே என்பது பின்னாளில் டைக்ஸ்ட்ராவின் கருத்து.

விழாவில் நெதர்லாந்தின் 64 ஊர்களை வைத்து ஆர்மாக் வழி சொன்னது. ஏன் 64? ஆறு பிட்களில் 64 ஊர்களுக்குத்தான் எண் கொடுக்க முடியும், அதனால்தான்! மூன்று வருடம் கழித்து, 1959-ல் இது கட்டுரையாக வெளியானது. மொத்தமே மூன்று பக்கம். அம்மாவின் ஐந்து வரி ஞாபகம் வருதா? இன்றைய மேப் ஆப்களில் டிராஃபிக், ஒருவழிப்பாதை என்று எத்தனையோ சேர்ந்துவிட்டன, வேகத்துக்காகப் பல மாற்றங்களும் வந்துவிட்டன. ஆனால், வேர் அந்த மூன்று பக்கத்தில் இருக்கிறது.

அதே 1959-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். அடுத்த வருடம் நண்பர் யாப் சோன்னவெல்டுடன் சேர்ந்து அல்கால் 60 மொழிக்குக் கம்பைலர் எழுதினார். நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவதுதான் கம்பைலர். வேலை முடியும்வரை ஷேவ் பண்ணக் கூடாது என்று இருவருக்கும் ஒப்பந்தம். 1960 ஆகஸ்ட்டில் வேலை முடிந்தது. நண்பர் தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ரா எடுக்கவில்லை. நாம் போட்டோக்களில் பார்க்கும் அந்தத் தாடி அப்போது வந்ததுதான்.

பரீட்சைக் கேள்வியே பாடமான கதை

1962-ல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். எந்தத் துறையில்? கணிதத் துறையில்! கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று தனித்துறையே அங்கு கிடையாது.

அங்கேதான் அவருடைய இன்னொரு பெரிய கேள்வி தொடங்கியது. ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும்போது அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது எப்படி? ஹாஸ்டலில் பத்துப் பேருக்கு ஒரே பாத்ரூம், அதுக்கு ஒரே சாவி என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாவி ஆணியில் தொங்கினால் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் காத்திருக்கணும். வெளியே வந்ததும் திரும்ப மாட்டிவிடணும். இதையே ரயில்வே சிக்னலின் பெயரில் ‘செமஃபோர்’ என்ற கருவியாக வடிவமைத்தார் டைக்ஸ்ட்ரா. நம் போனில் பாட்டு ஓடிக்கொண்டே, டவுன்லோடு ஆகிக்கொண்டே, மெசேஜும் வருகிறதே, அதற்குப் பின்னால் இந்த மாதிரி ஏற்பாடுகள்தான் இருக்கின்றன.

ஆளுக்கொரு சாவி என்றால் பிரச்னை இல்லை. ஒருத்தருக்கு இரண்டு சாவி தேவைப்பட்டால்? 1965-ல் மாணவர்களுக்கு இதை ஒரு பரீட்சைக் கேள்வியாகவே கொடுத்தார். டேப் டிரைவ்களுக்காகப் போட்டி போடும் கம்ப்யூட்டர்கள் பற்றிய கேள்வி அது. பிறகு டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி அதைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தார். வட்ட மேஜையில் ஐந்து தத்துவஞானிகள், நடுநடுவே ஐந்து முள்கரண்டிகள், சாப்பிட ஒருவருக்கு இரண்டு கரண்டி வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் இடது கைப்பக்கம் இருப்பதை எடுத்துவிட்டால் யாருக்கும் இரண்டாவது கிடைக்காது. அஞ்சு பேரும் பட்டினி! உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புகளில் இன்றும் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது.

அதே காலத்தில் ஒரு சின்னக் குழுவை வைத்துக்கொண்டு ஓர் ஆபரேட்டிங் சிஸ்டமே கட்டினார். அடுக்கடுக்காக, கீழ் அடுக்கு சரி என்று உறுதியான பிறகுதான் மேல் அடுக்கு. முதலில் கட்டிவிட்டு அப்புறம் தப்பைத் தேடுவது அவருக்குப் பிடிக்காது. எத்தனை தடவை டெஸ்ட் செய்தாலும் தப்பு இருப்பதைக் காட்டலாமே தவிர, தப்பே இல்லை என்று நிரூபிக்க முடியாது என்பது அவர் வாதம். சரியானது என்ற நிரூபணமும் புரோகிராமும் ஒன்றாகவே வளர வேண்டும் என்றார்.

புகழும் இருட்டும் ஒரே வருடத்தில்

1968 மார்ச்சில் ஒரு பிரபல கம்ப்யூட்டர் இதழுக்கு அவர் அனுப்பிய சின்னக் கட்டுரை, கடிதமாக அச்சானது. ‘கோ டூ’ என்ற கட்டளை ஆபத்தானது என்பதுதான் விஷயம். புரோகிராமின் நடுவில் எங்கிருந்தும் எங்கேயும் தாவலாம் என்று அனுமதிக்கும் கட்டளை அது. நாவல் படிக்கும்போது பத்தாம் பக்கத்தில் 200-ஆம் பக்கத்துக்குப் போ என்றும், அங்கே 35-ஆம் பக்கத்துக்குத் திரும்பு என்றும் போட்டிருந்தால் கதை புரியுமா? அதே கதைதான். இதழின் ஆசிரியர் நிக்லாஸ் விர்த் வைத்த காரசாரமான தலைப்போடு வெளிவந்தது. திட்டியவர்களும் பாராட்டியவர்களும் சமமாக இருந்தார்கள். இன்று பரவலாகப் பயன்படும் ஜாவா, பைத்தான் போன்ற மொழிகளில் அந்தக் கட்டளையே கிடையாது.

உலகம் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே 1968-ல், டைக்ஸ்ட்ரா கடும் மனச்சோர்வில் இருந்தார். கணிதத் துறை, கம்ப்யூட்டர் ஆராய்ச்சியைத் தன் வேலையாக ஏற்கவில்லை. அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய குழுவைக் கலைத்துவிட்டது. அடுத்து என்ன செய்வது என்ற குழப்பம் வேறு. பல வருடங்களுக்கு முன் வான் வெய்ங்கார்டனிடம் சொன்ன பயம், இப்போது பேராசிரியர் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அதிலிருந்து அவர் வெளியே வந்தது எழுத்தின் வழியாக. ஒழுங்கான முறையில் புரோகிராம் எழுதுவது எப்படி என்று நீண்ட குறிப்புகளை எழுதினார். அந்த எழுத்தே தனக்கு மருந்தாக இருந்தது என்பதைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சில நண்பர்களுக்கு மட்டும் அனுப்பிய அந்தக் குறிப்புகள், நகலுக்கு நகலாக உலகம் சுற்றின. ‘ஸ்ட்ரக்சர்டு புரோகிராமிங்’ என்று நம் சிலபஸில் இருப்பது அதன் பேரில்தான். 1972-ல் கம்ப்யூட்டர் உலகின் மிக உயர்ந்த டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. விருது ஏற்புரையில் அவர் வலியுறுத்தியது, நம் மூளை ரொம்பச் சின்னது என்ற பணிவு புரோகிராமருக்கு வேண்டும் என்பதை.

1973-லேயே வொர்க் ஃப்ரம் ஹோம்

1973-ல் பரோஸ் என்ற அமெரிக்க கம்ப்யூட்டர் நிறுவனம் அவரை ஆராய்ச்சியாளராக நியமித்தது. ஆபீஸ் எங்கே? நூனன் கிராமத்தில் அவர் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை. ஓவியர் வான்கோ ஒரு காலத்தில் வாழ்ந்து வரைந்த அதே நூனன்தான். பல்கலைக்கழகத்துக்கு வாரத்தில் ஒருநாள் மட்டும் போவார், செவ்வாய்க்கிழமை. அன்று மதியம் ‘செவ்வாய் மதிய கிளப்’ கூடும். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து வரிவரியாகப் படித்து, இந்த வார்த்தை ஏன் இங்கே, இந்த வரி தேவையா என்று பிரித்து மேய்வார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவுக்குப் போனபோதும் இந்தச் செவ்வாய்க்கிழமையை விடவில்லை.

மற்ற நாள்களில் எழுதுவார். இங்க் பேனாவால், முத்து முத்தான கையெழுத்தில், அடித்தல் திருத்தல் அதிகம் இல்லாமல். மொஸார்ட் இசையை மனசுக்குள் முழுசாக முடித்துவிட்டுத்தான் தாளில் எழுதுவார், பீத்தோவன் எழுதி எழுதி, அடித்து ஒட்டித் திருத்துவார் என்று ஒப்பிடுவது டைக்ஸ்ட்ராவுக்குப் பிடிக்கும். தான் மொஸார்ட் கட்சி. வீட்டில் பியானோவிலும் மொஸார்ட்தான்.

எழுதியதற்குத் தன் இனிஷியல்களை வைத்து ‘இ.டபிள்யூ.டி.’ என்று ஒரு எண் கொடுப்பார். ஜெராக்ஸ் எடுத்துச் சிலருக்குத் தபாலில் அனுப்புவார். அவர்கள் நகல் எடுத்து இன்னும் சிலருக்கு. சமூக வலைதளம் இல்லாத காலத்தில் இப்படித்தான் வைரல் ஆனார் டைக்ஸ்ட்ரா! எண்ணிக்கையை ஏன் ஒன்றிலிருந்து இல்லாமல் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கணும் என்று 1982-ல் எழுதிய குறிப்பு இன்றும் புரோகிராமர்கள் மத்தியில் சுற்றுகிறது. வரிசை எண் 1318 வரை போனது.

சாக்பீஸும் வாய்மொழித் தேர்வும்

1984-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். அப்போது அந்தத் துறையில் ஒடிசாவில் பிறந்த ஜெயதேவ் மிஸ்ராவும், சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்த மணி சாண்டியும் இருந்தார்கள். டைக்ஸ்ட்ராவின் பரீட்சைக் கேள்வியில் பிறந்த அந்தச் சாப்பாட்டு மேஜைப் பிரச்னையை, இன்னும் பெரிய அளவுக்கு விரித்துத் தீர்வு சொன்னவர்கள் இந்த இருவரும்தான்.

அவர் வகுப்பு எப்படி இருக்கும்? ஸ்லைடு கிடையாது. பாடப்புத்தகம் கிடையாது. கரும்பலகை, சாக்பீஸ். ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு மாணவர்கள் கண்ணெதிரிலேயே யோசிக்கத் தொடங்குவார். நடுநடுவே நீண்ட மௌனம். அந்த மௌனமும் பாடம்தான். எந்த இடத்தில் நின்று, எந்த வழியை ஏன் வேண்டாம் என்று விட்டார் என்பதைத்தான் மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். விடை எப்படியும் புத்தகத்தில் கிடைத்துவிடுமே!

பரீட்சையும் அப்படியே. எழுத்துத் தேர்வு இல்லை, வாய்மொழித் தேர்வு. ஒவ்வொரு மாணவரையும் தன் அறைக்கோ வீட்டுக்கோ வரச்சொல்லி, மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவார். தேர்வு முடியவே ஒரு வாரம் ஆகும். மனப்பாடம் பண்ணிட்டுப் போனவங்க கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால், ஒரு பேராசிரியர் நமக்காக மட்டும் இத்தனை மணி நேரம் ஒதுக்கி, நாம் யோசிப்பதைக் கவனித்துக் கேட்கிறார் என்றால், அது எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்?

லீவு விட்டால் ரியாவுடன் ஃபோக்ஸ்வாகன் வேனில் கிளம்பி, அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களைச் சுற்றுவார். வேனுக்கு ‘டூரிங் மெஷின்’ என்று பெயர். ஆலன் டூரிங் கற்பனை செய்த கணக்குப் போடும் மெஷினும் அதே பெயர்தான். நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ் தெரிந்தவர்களுக்கு இந்த ஜோக் ஈஸியாகப் புரியும்.

கறார் மனிதரின் மறுபக்கம்

டைக்ஸ்ட்ராவுடன் பழகுவது எளிதல்ல என்பதையும் சொல்லணும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார். 1975-ல் எழுதிய ஒரு குறிப்பில் அப்போது கொடிகட்டிப் பறந்த கோபால், பேசிக் போன்ற மொழிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்த மொழிகளில் வேலை பார்த்து வீட்டுக்குச் சம்பளம் கொண்டுபோன லட்சக்கணக்கானவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும்? திமிர் பிடித்தவர் என்ற பேச்சு கடைசிவரை அவரைத் துரத்தியது.

‘பக்’ என்று சொல்லாதீர்கள், ‘பிழை’ என்று சொல்லுங்கள் என்பது 1988-ல் அவர் வைத்த இன்னொரு கோரிக்கை. பூச்சி ஏதோ தானாகப் பறந்துவந்து உள்ளே புகுந்த மாதிரி பேசுவது, தப்பு நம்முடையது என்பதை மறைக்கும் வேலை என்றார். முதல் வருட மாணவர்களுக்குப் புரோகிராமிங்கைக் கம்ப்யூட்டர் இல்லாமல்தான் கற்றுத்தர வேண்டும் என்றும் அதே குறிப்பில் வாதிட்டார். ஓட விட்டுப் பார்க்கலாம் என்ற வசதி இருந்தால், யோசிக்க மாட்டார்கள் என்பது அவர் கவலை. ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை. 2001-ல் தன் பல்கலைக்கழகம் முதல் வருடப் பாடத்தில் ஹாஸ்கெல் மொழியை எடுத்துவிட்டு ஜாவாவைக் கொண்டுவரப் பார்த்தபோது, வேண்டாம் என்று கடிதம் எழுதினார். ஜாவாதான் ஜெயித்தது.

அவர் எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. இன்றைய ஐ.டி. கம்பெனிகள் நிரூபணத்தை வைத்து ஓடவில்லை, டெஸ்டிங்கை வைத்துத்தான் ஓடுகின்றன. அடுத்த வாரமே ஆப்பை வெளியிட வேண்டும் என்ற அவசரத்தில், ஒவ்வொரு வரிக்கும் நிரூபணம் எழுத யாருக்கும் நேரமில்லை. கையால் தொட்டு, தப்பு பண்ணிப் பண்ணிக் கற்றுக்கொள்கிறவர்களும் நல்ல புரோகிராமர்களாக வரத்தான் செய்கிறார்கள். ஆனாலும், பறக்கும் விமானத்துக்கும் மெட்ரோ ரயிலுக்கும் சாஃப்ட்வேர் எழுதும் இடங்களில், டெஸ்ட் மட்டும் போதாது என்று நிரூபணத்தையும் கேட்பது உண்டு.

இரண்டு பக்கக் கட்டுரைக்குக் கடைசி மாதத்தில் விருது

1974-ல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒரு நெட்வொர்க் எந்தத் தப்பான நிலையில் சிக்கினாலும், வெளியிலிருந்து யாரும் கைவைக்காமல் தானாகவே சரியான நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது கேள்வி. முடியும் என்று காட்டினார். மொத்தம் இரண்டு பக்கம். ஏறக்குறைய பத்து வருடங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் என்ற விஞ்ஞானி ஒரு மாநாட்டில் அதைப் பெரிதாகப் பாராட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பின் அதுவே ஒரு தனி ஆராய்ச்சிப் பிரிவாக வளர்ந்தது.

1999-ல் ஓய்வு பெற்றார். புற்றுநோய் வந்தது. 2002 பிப்ரவரியில் ரியாவுடன் நூனனுக்கே திரும்பினார். அந்த வருடம்தான் 1974-ன் அந்தக் கட்டுரைக்கு விருது அறிவித்தார்கள். சில நாள்களில், 2002 ஆகஸ்ட் 6 அன்று, 72 வயதில் இறந்துபோனார். அடுத்த வருடமே அந்த விருதுக்கு டைக்ஸ்ட்ரா விருது என்று பெயர் மாற்றினார்கள். கையால் எழுதிய அவருடைய குறிப்புகளை டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். கம்ப்யூட்டரை விட்டு விலகியே இருந்தவரின் எழுத்து, கடைசியில் கம்ப்யூட்டரில்தான் வாழ்கிறது. நண்பர்களின் வற்புறுத்தலால் பிற்காலத்தில் ஒரு மேக் வாங்கினார்தான், ஆனால் அது இமெயிலுக்கும் இணையத்துக்கும் மட்டும்!

இப்போது நாம் கேட்டால் ஏ.ஐ. நொடியில் நூறு வரிப் புரோகிராம் எழுதித் தந்துவிடுகிறது. ஓடவும் செய்கிறது. வேலை முடிந்தது என்று அடுத்ததுக்குப் போய்விடுகிறோம். அந்த நூறு வரி ஏன் சரி என்று யாராவது கேட்டால், நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? டைக்ஸ்ட்ராவின் வீட்டு அறையில் வாய்மொழித் தேர்வுக்கு உட்கார்ந்த மாணவர்களிடம் மணிக்கணக்கில் கேட்கப்பட்டது இதைத்தான். நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு புரோகிராமை எடுத்து, லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, ஒரு தாளில் அதை விளக்கி எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ, அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்.